இரங்கப்படாத துயரம்



கோட்டையைப் பற்றிப் பேச வருவோர் செஞ்சிக்கு எப்போதும் உண்டு. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இனி அப்படி வருவோர் இன்னும் பெருகுவார்கள். எனக்குத் தந்திருக்கும் பொருள் வேறு: சிறு வயதில் மனத்தில் படும் காயம், அந்தக் காயம் பட்ட பிள்ளையையும் அதன் வீட்டாரையும் தாங்கிப் பிடிக்கும் முறை. அதைப் பேசவும் ஊரை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஊர் கூடித் துக்கம் காக்கத் தெரிந்த வட்டாரம் இது.

1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்டபோது செஞ்சி மன்னன் தேசிங்குக்கு வயது 22. அந்தச் சாவை 300 ஆண்டுகளாகக் கதைப்பாட்டாகப் பாடிக்கொண்டிருக்கிறோம். பக்கத்து மேலச்சேரியைத் திரௌபதி அம்மனின் ஆதிக் கோயில் என்று பக்தர்கள் சொல்கிறார்கள். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் 1988இல் திரௌபதி வழிபாடு பற்றி எழுதிய பெருநூலுக்கு இந்த வட்டாரம்தான் களம். திருவிழாவில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்தாடி, கடைசி நாள் படுகளம் வரும். துரியோதனனைப் பெரிய மண்ணுருவமாகக் கிடத்தியிருப்பார்கள். அவன் செய்தது அத்தனையும் ஊருக்குத் தெரியும். ஆனாலும் காந்தாரி அங்கே ஒப்பாரி வைப்பாள். அவளை யாரும் தடுப்பதில்லை. ‘கெட்டவனுக்காக ஏன் அழுகிறாய்?’ என்று கேட்பதுமில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தீயவன் செத்தாலும் அவனுக்காக அழுவதற்கு உற்றவர்களுக்கு உரிமை உண்டு என்பதை நம் கூத்து ஒப்புக்கொண்டிருக்கிறது.

நம் தெருக்கள் அவ்வளவு பெருந்தன்மையானவை அல்ல.

2023 மே மாதம் நம் மாவட்டத்து மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து மீனவக் குடும்பங்களில் சாவு விழுந்தது. அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள். மொத்தம் 20க்கும் மேல். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 2019 வரை அதுவும் நம் விழுப்புரம் மாவட்டமாகவே இருந்தது. அங்கே 65க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். கணவனும் மனைவியுமாகப் போன வீடுகளும் உண்டு. கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்ததைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின.

அரசு இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், 5 லட்சம் வைப்புத்தொகையும், படிப்புச் செலவும் என்றது. உடனே கேள்வி கிளம்பியது: ‘குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?’ டீக்கடையில் பேசினார்கள், கைப்பேசியில் கேலிப்படம் போட்டார்கள், உயர் நீதிமன்றத்துக்கு வழக்கும் போனது. அரசுப் பணத்தைப் பற்றிக் கேட்கக் குடிமக்களுக்கு உரிமை உண்டு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கேலி யார் காதில் போய் விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். பத்து வயதுப் பையன் ஒருவனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பன் செத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ‘உங்களுக்கென்னடா, லட்சாதிபதி’ என்று பக்கத்து பெஞ்சுப் பையன் சொல்கிறான்.

2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் கருகினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26இல் சுனாமி; நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது; திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டை மூடி, 5 சிறுவர்கள் உட்பட 7 பேர் மாண்டார்கள். அந்தக் குடும்பங்களைப் பார்த்து ‘உனக்கு இது வேண்டியதுதான்’ என்று ஒருவரும் சொல்லவில்லை. தீயையும் கடலையும் மலையையும் குறை சொன்னோம், பிழைத்தவர்களை மடியில் வைத்துக்கொண்டோம். கருணாபுரத்துப் பிள்ளைக்கு அந்த மடி கிடைக்கவில்லை. இழப்பு எவ்வளவு பெரியது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த இழப்புக்கு ஊர் இரங்குகிறதா, பழிக்கிறதா என்பதுதான் பிள்ளை தேறுவதைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்பது என் துணிபு. இன்றைக்கு நான் சொல்ல வந்தது முழுவதும் அதைச் சுற்றித்தான்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். ஆபத்து வந்தால் நெஞ்சு படபடக்கும், கைகால் விறைக்கும், அட்ரினலினும் கார்டிசோலும் சுரக்கும். ஆபத்து நீங்கினால் அடங்கும். எந்த இரவில் அப்பன் எப்படி வருவான் என்று தெரியாத வீட்டில் அது அடங்குவதே இல்லை. பிள்ளை உறக்கத்திலும் காவல் இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பகலில் பெருக்கல் வாய்ப்பாடு மண்டையில் ஏறாது. நான்கு வயதில் விட்டுப்போன படுக்கை நனைத்தல் எட்டு வயதில் திரும்ப வரும். மருத்துவர் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிய வயிற்றுவலி திங்கட்கிழமைதோறும் வரும். சாவு விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடும். கொஞ்சம் பெரிய பையன் என்றால் கை நீட்டுவான், சொன்ன பேச்சுக் கேட்க மாட்டான். பெண் பிள்ளை என்றால் அடங்கி ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். ‘நல்ல பொண்ணு, தொல்லையே இல்லை’ என்று நாம் சான்றிதழும் கொடுத்துவிடுவோம். எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இரண்டாவது வகைதான்.

ஆக, கள்ளச்சாராயச் சாவு ஓர் இரவில் நடந்தது என்றாலும் பிள்ளையின் காயத்துக்கு அதைவிட வயது அதிகம். அமெரிக்காவின் சான் டியாகோவில் உடல் பருமனுக்குச் சிகிச்சை தந்துகொண்டிருந்த வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: எடை நன்றாகக் குறைந்து வந்தவர்களே சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடினார்கள். விசாரித்தபோது பலரிடம் சிறு வயதுக் கொடுமைகள் வெளிவந்தன. பிறகு அவரும் ராபர்ட் அன்டாவும் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் சிறு வயதைப் பற்றிக் கேட்டார்கள்; முதல் முடிவுகள் 1998இல் வெளியாயின. வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்த்தல், வீட்டில் ஒருவர் சிறை செல்லுதல், பாலியல் சீண்டல் என்று நீண்ட பட்டியலில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் அவற்றில் ஒன்றுமே அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை இருந்தது. கேட்கப்பட்டவர்கள் சேரிவாசிகள் அல்லர். காப்பீடு உள்ள, பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்து மனிதர்கள்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைப் பார்த்து ‘இவனுக்குப் பட்டியலில் ஆறு இருக்கிறது, இவன் தேற மாட்டான்’ என்று சொல்லிவிடாதீர்கள். அப்படித் தனி ஆளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அன்டாவே பின்னாளில் எழுதினார். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ ஒரு பெரியவர் இருந்தார். பாட்டியோ, அத்தையோ, ஓர் ஆசிரியரோ, மாறாமல் இருந்தார். அந்த ‘மாறாமல்’தான் கடினம். நம் ஊரில் உதவி என்பது பெரும்பாலும் படம் எடுக்கும் நாளோடு முடிந்துவிடுகிறது.

சுனாமிக்குப் பிறகு அது நன்றாகத் தெரிந்தது. நாகையிலும் இலங்கைக் கிழக்குக் கரையிலும் ‘கவுன்சலிங்’ தர வந்த கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து அலை வந்த கதையைச் சொல்லச் சொன்னார்கள். வேறொரு குழு வந்து மறுபடியும் சொல்லச் சொன்னது. நடந்ததை உடனே ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறையால் பயனில்லை என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. முதலில் வேண்டியவை பாதுகாப்பு, சோறு, உறவினரோடு சேர்ப்பது, கேட்கத் தயாரான காது. பேசு என்று வற்புறுத்தாத காது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாட்டில் செய்தது இதனால்தான் குறிப்பிடத்தக்கது. மனநல மருத்துவர்களை ஊர் ஊராக உட்கார வைக்க முடியாது என்று தெரிந்து, பாதிக்கப்பட்ட ஊர்களிலேயே ஆட்களையும் ஆசிரியர்களையும் அங்கன்வாடிப் பணியாளர்களையும் பயிற்றுவித்தது. வெளியாட்கள் கிளம்பிப் போன பின்பும் அவர்கள் ஊரில் இருந்தார்கள். பள்ளிக்கூடங்களைச் சீக்கிரம் திறந்ததும் பெரிய மருத்துவம். மணி அடிக்கிறது, வரிசையில் நிற்கிறோம், மதியம் சோறு வருகிறது: அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருப்பதே அலறிக்கொண்டிருக்கும் உடம்புக்கு ஆறுதல்.

சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போரும் சுனாமியும் சேர்ந்து தாக்கிய வடகிழக்கு இலங்கையில் 31 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாழ்க்கைக் கதையைப் படிப்படியாகச் சொல்லவைக்கும் சிகிச்சையும், மற்றதற்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் தந்து பார்த்தார்கள். 2009இல் வெளியான ஆய்வு அது. இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறின. சிறிய ஆய்வுதான். ஆனாலும், முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவர் தொடர்ந்து வந்து உட்கார்ந்தால் பிள்ளை தேறும், அதற்குரிய வழி ஒன்றே ஒன்றுதான் என்றில்லை என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற இடம் இன்னொரு வழி. கனடாவிலிருந்து வந்த ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் அதன் பின்னால் இருந்தார்கள். போரில் அடிபட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள். அதே நாட்டில் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இன்னொன்றை வலியுறுத்தி வந்தார்: போரில் தனித்தனி மனிதர்கள் மட்டும் காயப்படுவதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன, ஆகவே மருந்தும் சடங்கு, கூத்து, கோயில், கூட்டம் வழியாகவும் போக வேண்டும் என்று. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் மாண்டவர்களைக் கூடி நினைவுகூரவே நெடுநாள் தடை இருந்தது. அழுகையை மறித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தாயிடம் வருகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குண்டுவீச்சுக்குத் தப்பிய பிள்ளைகளுக்காக அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்காமும் காப்பகங்கள் நடத்தினார்கள். குண்டு விழுந்ததைவிடத் தாயைப் பிரிந்ததுதான் பல பிள்ளைகளை அதிகம் உலுக்கியது என்று அவர்கள் எழுதினார்கள். தாய் கலங்காமல் இருந்தால் பிள்ளையும் தாங்கியது. நம் கதைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். புருஷன் சாராயத்தில் போன வீட்டில் தாய் எப்படிக் கலங்காமல் இருப்பாள்? குழுக்கடன் தவணை வாரந்தோறும் வருகிறது. மாமியார் வீடு ‘நீ சரியாக இருந்திருந்தால்’ என்கிறது. அவள் வயல் வேலைக்குப் போகும் நாளில் சின்னதைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பெண் பள்ளியை விடுகிறாள். அந்தப் பெண்ணுக்குக் கவுன்சலிங் தருவதற்கு முன், கடன்காரனிடம் யாராவது பேச வேண்டும், விதவை ஓய்வூதிய விண்ணப்பத்தை யாராவது எழுதித்தர வேண்டும், வி.ஏ.ஓ. கையெழுத்துக்கு யாராவது கூட நடக்க வேண்டும். உளவியல் நூல்களில் இவை இருக்காது. ஆனால் இவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தால் மிச்சம் உபதேசம் மட்டும்தான். 2025 செப்டம்பர் 15இல் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. தொகை பெரிதல்ல. ஆனால் பிள்ளையைப் பாட்டி வீட்டிலேயே நிறுத்திவைக்க அது போதுமானதாக இருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

பாட்டி வீட்டில் நிற்பது முக்கியம் என்று ஏன் இவ்வளவு அழுத்துகிறேன்? ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000இல் தொடங்கிய ஆய்வில் காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றினார்கள். அவர்கள் அறிவிலும் ஒட்டுதலிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன் மாற்றப்பட்டவர்களுக்கே அதிகப் பயன். நம் நாட்டின் 2015 இளைஞர் நீதிச் சட்டமும் காப்பகத்தைக் கடைசி வழியாகத்தான் சொல்கிறது. ஆனால் துக்க வீட்டுக்குப் போகிற நல்லவர்கள் முதலில் கேட்பது, ‘ஹோம்ல சேத்துடலாமா?’ என்பதே. அவசரப்படாதீர்கள்.

பழி சுமக்கும் துயரங்களில் சாராயச் சாவும் ஒன்று. இன்னும் இருக்கின்றன.

இருளர் குடியிருப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கடனுக்காகக் கட்டுண்டு கிடக்கும் குடும்பங்கள். எங்கோ நடந்த திருட்டுக்கு இரவில் ஜீப்பில் ஏற்றப்படும் அப்பன்மார்கள். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் இவற்றோடு ஆண்டுக்கணக்காக மல்லுக்கட்டி வருகிறார்கள். அந்த இரவைப் பார்த்த பிள்ளை காக்கிச் சட்டையைக் கண்டால் ஓடுகிறது. பள்ளியில் பேனா காணாமற்போனால் எல்லார் கண்ணும் அதன் பையைத்தான் பார்க்கிறது. காயமும் அதன் மேல் பழியும்.

பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கு இது இன்னும் கடுமை. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டம் ஒரு வகையில் மனக்காயத்தைப் புரிந்துகொண்டே எழுதப்பட்ட சட்டம். பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, கூடுமானவரை எஸ்.ஐ. தரத்துக்குக் குறையாத பெண்ணாக இருக்க வேண்டும். நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது. சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவன் முகத்தைப் பிள்ளை பார்க்க நேரக் கூடாது. எழுத்து இப்படி. பிள்ளையின் வீட்டுக்கு ஜீப் வந்து நின்றால் தெருவே கூடிவிடும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். இரு சக்கர வண்டியில், சாதாரணப் புடவையில், சொந்தக்காரி போல வந்து உட்காரும் ஒரு பெண் எஸ்.ஐ. அந்தச் சட்டத்தின் பாதியைக் காப்பாற்றிவிடுவார். மீதியை ஊர் கெடுக்காமல் இருக்க வேண்டும். ‘வெளியே தெரிந்தால் யார் கட்டிக்கொள்வான்?’ என்ற ஒரே வாக்கியத்தால் நாம் குற்றவாளியின் பழியைப் பிள்ளையின் தலையில் மாற்றி வைத்துவிடுகிறோம்.

மேல்மலையனூரைப் பற்றிப் பேசாமல் செஞ்சியில் இந்தச் சொற்பொழிவை முடிக்க முடியாது. அமாவாசை இரவில் அங்காளம்மன் முன் தலைவிரித்து ஆடும் பெண்களில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளும் இருப்பதுண்டு. ‘மூடநம்பிக்கை’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வாய்விட்டுச் சொல்லக் கூடாத ஒன்றைச் சாமி பேரில் சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது. அங்கே அவளைக் கேட்கவும் ஆள் இருக்கிறது. நான் கேட்பது இரண்டு. அடிக்காதீர்கள், கட்டாதீர்கள்; 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியோடு 28 மனநோயாளிகள் எரிந்ததற்குப் பிறகு அதற்கு எந்த நியாயமும் இல்லை. அடுத்தது, ஆட்டத்தின் நடுவே அவள் என்ன சொல்கிறாள் என்று கவனியுங்கள். யார் பெயரைச் சொல்லி அலறுகிறாள் என்று கவனியுங்கள். ஏர்வாடி தர்காவிலும் குணசீலம் கோயிலிலும் வழிபாட்டோடு மனநல மருத்துவரையும் பக்கத்தில் அமர்த்திய முயற்சி தமிழ்நாட்டிலேயே நடந்தது. மலையனூருக்கும் அது வர வேண்டும். இங்கிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். அமாவாசைக்கு வருவோரிடம் மருத்துவரே வந்தால் அந்தக் கூலி மிச்சம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், ஏனென்றால் முன்வரிசையில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். உங்களை மருத்துவர் ஆகச் சொல்லவில்லை. தாமதமாக வந்த பிள்ளையை வாசலில் நிறுத்திக் காரணம் கேட்காதீர்கள். உள்ளே விட்டுப் பிறகு தனியே கேளுங்கள். ‘அப்பா பெயர், அப்பா தொழில்’ என்று வகுப்பின் நடுவே கேட்டு எழுதாதீர்கள். பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள், பிரம்பை எடுக்கவே எடுக்காதீர்கள். அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் நாளில் வேறு தலைப்பும் ஒன்று கொடுங்கள். பிள்ளையைக் கேலி செய்பவனைக் கண்டியுங்கள். கண்டித்துவிட்டு அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயும் ஏதோ இருக்கும். உங்களுக்கே தாங்காத நாள் வரும். 14416 என்ற மனநல உதவி எண் 2022 முதல் இயங்குகிறது. அது ஆசிரியருக்கும் பொருந்தும்.

ஒன்று கேட்டு முடிக்கிறேன். நாளை உங்கள் பள்ளிப் பிள்ளையின் வீட்டில் சாராயச் சாவோ, தற்கொலையோ, கைதோ நடந்தால், மாலை போடக் கூட்டம் வராத அந்த வீட்டுக்கு வகுப்பாசிரியர் பதினாறாம் நாளுக்குள் ஒருமுறை போய் வாருங்கள். திண்ணையில் உட்காருங்கள், ‘உங்கப்பா போனதுக்கு நீ காரணமில்லை, நாளைக்கு உன் இடம் அப்படியே இருக்கும், வா’ என்று பிள்ளையிடம் நேராகச் சொல்லுங்கள். ஆபத்து தெரிந்தால் சிறார் உதவி எண் 1098க்குப் பேசுங்கள். அது இலவசம், இரவிலும் எடுப்பார்கள். அடுத்த மாதமும் ஒருமுறை போங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை வேறு வகுப்புக்குப் போகும்போது, புதிய ஆசிரியரிடம் இந்தப் பொறுப்பை நேரில் ஒப்படையுங்கள்.